லாம்பு மாத்தி

வாய் பெரிதாக இருப்பவனுக்குக் காது சிறிதாகத்தான் இருக்கும். இது எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை. என் மனைவி சுமதி கல்யாணமான நாளிலிருந்து என்னை வைத்து நடத்திவரும் ஆராய்ச்சியின் முடிவு.

நான் மலேசியாவில், கோத்தா திங்கியில் பள்ளி வேன் ஓட்டுகிறவன். வார நாட்களில் பிள்ளைகள், சனி ஞாயிறில் மைக். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எங்கே நாலு பேர் கூடினாலும் அழைப்பிதழின் கடைசி வரியில் "அறிவிப்பாளர்: மைக் மணியம்" என்று போட்டுவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் இருந்ததில்லை. பேச்சு முழுக்க ஆட்களிடமிருந்து பொறுக்கியதுதான். யாராவது ஒரு நல்ல சொல்லைச் சொல்லிவிட்டால் அதை வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டே திரிவேன். மார்க்கெட்டில் மீன் விற்கிற மலாய்க்கார அம்மா ஒருவர், விடாமல் பேரம் பேசிய ஆளைப் பார்த்து, "மீன் ஏற்கெனவே செத்துப்போச்சு, நீங்க வேற ஏன் சாகடிக்கிறீங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே எத்தனையோ கல்யாணங்களை ஒப்பேற்றியிருக்கிறேன்.

இப்படி ஊர்ச் சொல்லையெல்லாம் காதைத் தீட்டிக் கேட்டுப் பிழைத்தவன், ஒரே ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டு மொத்த மானத்தையும் விட்ட கதை இது. அதற்குக் காரணம் எங்கள் ஹால் கூரையில் தொங்கிய புரொஜெக்டர்.

ஒரு டியூஷன் சென்டரை இழுத்து மூடியபோது அதை வாங்கினேன். எங்கள் ஒரே மகள் பவித்ரா அப்போது இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். ஹால் சுவர் ஒன்றுக்கு வெள்ளையடித்து, அங்கே இருந்த கண்ணாடி அலமாரியை நகர்த்தி ("நகர்த்தினேன்" என்பது என் சொல், "ஒடைச்சாரு" என்பது சுமதியின் சொல்), கூரையில் ஒரு இரும்புக் கை அடித்து மாட்டினேன். முதல் படம் போட்டபோது கதாநாயகியின் மூக்கு மட்டும் எங்கள் மாவாட்டும் கிரைண்டர் அளவுக்கு இருந்தது. வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். எனக்கு ஒரு தியேட்டர் முதலாளியின் நடை வந்துவிட்டது.

பிறகு வெள்ளம் வந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு வெள்ளத்தைப் பற்றி யாரும் விளக்க வேண்டாம். சோபா, ஐஸ்பெட்டி, டிவி எல்லாம் போயின. புரொஜெக்டர் மட்டும் ஒரு சொட்டு நனையாமல், நாங்கள் சேறு அள்ளுவதை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அதன்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. புது டிவி வாங்கலாம் என்று சுமதி சொன்னபோது, "வெள்ளத்துக்கே அசையாதது வீட்டுல இருக்கு, டிவி எதுக்கு?" என்று பெரிய மனுஷன் போலக் கேட்டேன். அந்த வாக்கியத்தை மட்டும் அவள் மறக்கவே இல்லை. பின்னால் தேவைப்படும் என்று பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

அப்புறம் அதற்கு வயசாகிவிட்டது. முதலில் நிறம் போனது. திரையில் வருகிற அத்தனை பேருக்கும் மஞ்சள் காமாலை. வில்லன், போலீஸ், கைக்குழந்தை ஒருவர் பாக்கியில்லை. உள்ளே இருக்கும் காற்றாடி, செம்பனை எண்ணெய் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பதுபோல் சத்தம் போட்டது. பகலில் படம் போட்டால் சுவர்தான் தெரியும். அதனால் சன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி, கதவைச் சாத்தி, வேர்த்து விறுவிறுத்துப் பார்ப்போம். (படம் முடிந்து வெளியே வந்தால் ஆவியில் வெந்து இறங்கிய இட்லி போல இருப்போம்.) கடைசியில் அதன் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது. உள்ளே இருக்கும் லாம்பு முடியப் போகிறது என்று அர்த்தம்.

ரிப்பேரா, புதுசா? இந்தக் கேள்வி மாதக்கணக்கில் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு ஆளைப்போல உட்கார்ந்திருந்தது. பவித்ரா படிக்கப் போனபின் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஆனால் சாப்பிடும்போது மூன்று பேர் இருப்பதுபோல் நெருக்கடியாக இருக்கும்.

சுமதியின் தம்பி குமார் கெலாங் பாத்தாவில் இருக்கிறான். தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை. அப்படிப் போய்வருகிறவர்களுக்குப் பழைய சாமானைப் பார்த்தாலே உடம்பு அரிக்கும்.

"மாமா, இப்ப வர்றதுல லாம்பே கிடையாது. எல்லாம் லேசர். இதத் தூக்கிப் போடுங்க லா."

"லாம்பு இல்லாம எப்படிடா எரியும்?"

"அதான் மாமா டெக்னாலஜி."

"உங்கக்காகூடத்தான் லாம்பு இல்லாம எரியிறா. அதுக்காகப் புதுசா வாங்கிட்டா வந்தேன்?"

"எரிய வைக்கிறது யாருன்னு கேளு குமாரு" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

என் கட்சியில் ஒரே ஒரு ஆள்தான். பக்கத்து வீட்டுக் காக் ரோஸ். (காக் என்றால் மலாயில் அக்கா. என்னைவிட இளையவர்தான், ஆனால் சுமதி அப்படிக் கூப்பிட்டு, நானும் கூப்பிட்டு, இப்போது அவர் கணவரே அப்படிக் கூப்பிடுகிறார்.) அவருடைய கைப்பேசியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு விரிசல். பின்பக்கத்தை ரப்பர் பேண்டு பிடித்துக்கொண்டிருந்தது. ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், "இன்னும் பேசுது, நானும் பேசுறேன், எங்களுக்குள்ள சண்டை இல்ல" என்பார். அந்தச் சொல்லையும் நான் இரண்டு கல்யாணத்தில் உபயோகித்தேன்.

சுமதி எந்தக் கட்சியிலும் இல்லை. "ரெண்டுல ஒண்ணு செய்யுங்க. அத அண்ணாந்து பாத்துட்டே இருந்தா அது வெக்கப்பட்டுத் தானா சரியாகாது" என்றாள். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்த நிலைமையில் பவித்ராவின் பட்டமளிப்பு விழா வந்தது. அவள் கூச்சிங்கில் படித்தவள். இங்கிருந்து கடல் தாண்டி விமானத்தில்தான் போக வேண்டும். அந்த நேரம் பார்த்துச் சுமதிக்கு இடது காதில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. செவிப்பறையில் இருந்த ஓட்டையை அடைத்து, பஞ்சு வைத்து, விமானப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் மட்டும் போய்வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "போய்ட்டு வாங்க" என்றாள். அவள் சொன்ன விதத்தில் போவது இருந்தது, வருவது இல்லை. அதனால் நானும் போகவில்லை.

விழாவை இணையத்தில் நேரடியாகக் காட்டுவார்கள் என்று பவித்ரா சொன்னாள். அன்றைக்குச் சாப்பிட்டு முடித்தபின் சுமதி தட்டைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள். எதையும் வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை அவள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அவ மேடை ஏறும்போது மூஞ்சி பெருசா தெரியணும். போன்ல கடுகு மாதிரி பாக்க என்னால ஆகாது. அதுக்கு மட்டும் இந்தப் பெட்டிய என்ன செய்வீங்களோ செஞ்சிடுங்க."

அவ்வளவுதான் அவள் கேட்டது. மறுநாளே பெட்டியைக் கழற்றிக்கொண்டு ஆ செங் கடைக்குப் போனேன்.

ஆ செங் ஆற்றங்கரைப் பக்கம் மின்சாமான் ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் சீனர். அவருடைய அப்பா ரப்பர்த் தோட்டம் ஒன்றில் மளிகைக்கடை நடத்தியவர். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததில் ஆ செங்குக்குத் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் அவருக்கு "வாங்க போங்க"வைச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டார்கள். என்னை "அண்ணே" என்பார், அடுத்த சொல்லே "நீ" என்பார். அந்தத் தமிழைக் கேட்பதற்காகவே நான் ரிப்பேராகாத ரேடியோவை எல்லாம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"அண்ணே, உள்ள இருக்கிற தூசியில நீ மரவள்ளி நடலாம்."

"லாம்ப மாத்தினா சரியாயிடுமா?"

"ஜேபி டவுன்ல கேட்டுப் பாக்குறேன். கெடைச்சா போடுறேன். கெடைக்கலன்னா இல்ல. இந்த மாடல் இப்ப வர்றதே இல்ல, நீ நெறைய நம்பாத."

இதில் "கெடைச்சா போடுறேன்" வரைக்கும் எனக்கு நன்றாகக் கேட்டது.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வேனில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளி வாசலில் நிற்கிறேன். உள்ளே முப்பது தொண்டைகள். கைப்பேசியில் ஆ செங்கின் குரல் பதிவு ஒன்று வந்தது. காதோடு ஒட்டவைத்துக் கேட்டேன்.

"அண்ணே, லாம்பு மாத்தி. நீ வந்து எடுத்துக்க."

மாத்தி. மாற்றியாயிற்று. என்ன அழகான தமிழ் என்று மெய்சிலிர்த்துப் போனேன். "யாச்சு"வை விட்டுவிட்டார், பரவாயில்லை, சீனருக்கு அவ்வளவு வந்ததே பெரிது என்று மன்னித்தும் விட்டேன். வீட்டுக்கு வந்து சுமதிக்குப் போட்டுக் காட்டினேன். பஞ்சு வைக்காத காதைக் கொண்டுவந்து வைத்தாள்.

"எனக்கு இன்னும் சரியா பிடிபடல. நீங்க சொன்னா சரி" என்றாள்.

பெட்டியை எடுக்கப் போனபோது ஆ செங் கடையில் இல்லை, வெளிவேலையாகப் போயிருந்தார். அவருடைய மனைவிதான் இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, மலாயில்தான் பேசுவார். பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்து, அதன் முதுகில் இலேசாகத் தட்டிக்கொடுத்து, "சாயாங் லா" என்றார்.

சாயாங் என்றால் அன்பு. புருஷன் பெண்டாட்டி ஒருவரை ஒருவர் கொஞ்சுகிற சொல். ஒரு பழைய பெட்டியின்மேல் இவருக்கு இத்தனை பாசமா என்று நானும் அதை ஒரு தட்டு தட்டிக்கொடுத்தேன். கூலி எவ்வளவு என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். எவ்வளவோ வற்புறுத்தியும் வாங்கவில்லை. பெண் பட்டம் வாங்குகிற செய்தியை ஆ செங்கிடம் சொல்லியிருந்தேன், அதற்கு அன்பளிப்பு போல என்று நானே முடிவு கட்டினேன். புது லாம்பைப் போட்டுவிட்டுக் காசும் வாங்காத கடைக்காரர் இந்த ஜொகூர் மாநிலத்தில் உண்டா என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் இந்தக் கதை இல்லை.

வழியெல்லாம் அவர்களைப் பாராட்டி மனதுக்குள் ஒரு மைக் பேச்சு தயாரித்துக்கொண்டே வந்தேன்.

குமார் கூப்பிட்டான். "மாமா, எங்க வீட்டு டிவியக் கார்ல போட்டுட்டு வரவா? எதுக்கும் இருக்கட்டும்."

"வேணாம்டா. லாம்பு மாத்தியாச்சு."

"போட்டுப் பாத்தீங்களா?"

"டேய், நீ பிறக்கிறதுக்கு முன்னாடியே நான் ஒயரப் பிடிச்சவன்."

அவன் பிறக்கும் முன் நான் பிடித்தது காற்றாடி நூல். அது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டியைக் கூரையில் மாட்டினேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த சுமதி, "ஒரு தடவை போட்டுப் பாத்துடலாங்க" என்றாள்.

இங்கேதான் என் கெட்ட நேரம் வாயைத் திறந்தது. "ஒவ்வொரு தடவை போடும்போதும் லாம்புக்கு ஆயுசு குறையும். புது லாம்பு, கன்னி கழியல. நாளைக்கு அவ மூஞ்சிதான் மொதல்ல விழணும்."

சுமதியின் கண் கலங்கிவிட்டது. அந்தப் பேச்சை நம்பி ஏணியை மடக்கி வைத்தாள். இன்றைக்கும் எதையாவது நினைத்து வருத்தப்பட வேண்டும் என்று தோன்றினால், அந்த மடக்கிய ஏணியைத்தான் நினைத்துக்கொள்வேன்.

சனிக்கிழமை காலை. சன்னல்களுக்குப் போர்வை கட்டியாயிற்று. வரிசை வீட்டுக்காரர்கள், கோயில் கமிட்டி ஆட்கள், குமாரும் அவன் மனைவியும், காக் ரோஸ் ஒரு தட்டு நிறைய வாழைப்பழப் பலகாரத்தோடு. சுமதி பட்டுப்புடவை கட்டி முன்வரிசை நடுவில். இருட்டில் உட்காரப் போகிறவளுக்குப் பட்டு எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கும் கொஞ்சம் புத்தி உண்டு.

கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு மைக் வந்துவிட்டது. (சொல்லுக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே மைக் எடுத்தேன், ஒலிபெருக்கியோடு.) வெள்ளத்தில் தப்பிய பெட்டி, தோட்டத்துத் தமிழ் பேசும் சீனர், காசு வாங்காத கைராசி, எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். குமார் வாட்சைக் காட்டினான். "இதோ" என்று சொல்லி ரிமோட்டை அழுத்தினேன்.

காற்றாடி சுற்றியது. சிவப்பு விளக்கு மினுக்கியது. சுவர் சுவராகவே இருந்தது.

"கொஞ்சம் சூடாகணும்" என்றேன் மைக்கில்.

இன்னொரு தடவை அழுத்தினேன். அதே காற்றாடி, அதே சிவப்பு. அறிவிப்பாளனுக்கு ஒரு வியாதி உண்டு. மணமகன் வராவிட்டாலும் பேச்சை நிறுத்தத் தெரியாது. நான் புரொஜெக்டரின் பொறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

"மாமா, விழா ஆரம்பிச்சிட்டாங்க" என்றான் குமார், தன் கைப்பேசியைப் பார்த்தபடி.

அவ்வளவுதான், எல்லோரும் அவரவர் கைப்பேசியை வெளியே எடுத்தார்கள். இருட்டு ஹாலில் அங்கங்கே சின்னச் சின்ன வெளிச்சம். நான் மைக்கை வைத்துவிட்டு என் கைப்பேசியில் விழாவைப் போட்டுச் சுமதியின் கையில் கொடுத்தேன். கடுகு மாதிரி பார்க்க ஆகாது என்று சொன்னவள், கடுகைத் தேடிக் கண்ணைச் சுருக்கினாள்.

ஒரு விஷயம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நேரடி ஒளிபரப்பு என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. குமாரின் கைப்பேசி முன்னால் ஓடியது. என்னுடையது கொஞ்சம் பின்னால். கமிட்டித் தலைவருடையது இன்னும் பின்னால். ஒரே பெயரை ஒரு மூலையில் கூப்பிட்டு முடித்தபின் இன்னொரு மூலையில் கூப்பிட்டார்கள். ஒரு பையன் எங்கள் ஹாலில் மட்டும் ஏழெட்டு தடவை பட்டம் வாங்கினான்.

"அக்கா, பவி வரிசைல நிக்கிறா" என்றான் குமார். சுமதி கைப்பேசியை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். பவித்ரா இன்னும் அவளுக்கு வரவில்லை. குமாரின் பக்கம் கைத்தட்டல் கேட்டது. "போறா, போறா. வாங்கிட்டா அக்கா" என்றான் அவன். சுமதி மூச்சை அடக்கி, அடுத்து வரப்போகிற முகத்துக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த நொடியில் என் கைப்பேசி அலறியது. விழா மறைந்தது. திரை முழுக்க ஒரு பெயர். ஆ செங்.

"கட் பண்ணுங்க, கட் பண்ணுங்க" என்றாள் சுமதி. நான் பதறிப்போய்த் தட்டியதில் அழைப்பு எடுபட்டு, ஸ்பீக்கரும் சேர்ந்து விழுந்துவிட்டது. "அண்ணே" என்றது ஹால் முழுக்க ஆ செங்கின் குரல். அதைத் தள்ளி விழாவைத் திரும்பக் கொண்டுவந்தபோது மேடையில் வேறு யாரோ ஒரு பெண் குனிந்து வணங்கிக்கொண்டிருந்தாள்.

சுமதி கைப்பேசியை மடியில் வைத்தாள். பட்டுப்புடவை மடிப்பை நீவிவிட்டாள். அவள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அப்போது கதவோரத்திலிருந்து ஒரு குரல். "சினி, காக். சாயா புன்யா பெலும் சம்பாய்." இங்கே வாங்க அக்கா, எனக்கு இன்னும் வந்து சேரல.

காக் ரோஸ். அந்த விரிசல் விழுந்த, ரப்பர் பேண்டு போட்ட கைப்பேசி, ஊரெல்லாம் முடித்த விழாவை மெதுவாக மென்றுகொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தது. சுமதி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கமிட்டித் தலைவரின் காலை மிதித்து ஓடினாள். இரண்டு பேரும் தலையை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். நான் அவர்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன்.

பவித்ரா வந்தாள். விரிசல் அவள் தோளைத் தொட்டுக்கொண்டு போனது. தொப்பி கொஞ்சம் சாய்ந்திருந்தது. நடக்கும்போது கீழே பார்த்து, படி தடுக்குமோ என்று ஒரு தடவை சரிபார்த்து, பிறகு நிமிர்ந்தாள். சுமதி தன்னையறியாமல் விரலை அந்த முகத்தில் வைக்கப் போனாள். காக் ரோஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தொட்டால் நின்றுவிடும் என்றார் மலாயில்.

"நிக்கட்டுமே" என்றாள் சுமதி தமிழில்.

அது நிற்கவில்லை. ஆனால் அவள் பார்த்துவிட்டாள்.

முன்வரிசை நாற்காலியில் கிடந்த என் கைப்பேசி, நான் துண்டிக்க மறந்த அழைப்பில் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

"அண்ணே? இருக்கியா? நீ புதுசு வாங்கிட்டியா? வாங்கிட்டா அந்தப் பழசு எனக்குக் குடு, ஸ்பேர் பார்ட்ஸ் ஆகும்."

எனக்குக் கோபம் வந்தது. "ஆ செங், லாம்பு மாத்தியாச்சுன்னு சொன்னீங்களே?"

"ஆமா. மாத்தி."

"மாத்தினா ஏன் எரியல?"

"மாத்தி. அதான் எரியல."

"புது லாம்பு எரியாதா?"

"எங்க புது லாம்பு? ஜேபியிலயும் இல்ல. பழைய லாம்பு மாத்தி. நான் சொன்னேன், நீ வந்து எடுத்துட்டுப் போய்ட்ட."

"அதான், மாத்தினதுக்கு அப்புறம்..."

"மாத்தினதுக்கு அப்புறம் என்ன பண்றது அண்ணே, பொதைக்கத்தான்."

ஹாலில் இருந்த அத்தனை தமிழர்களும் விழித்துக்கொண்டிருந்தபோது, தமிழே தெரியாத காக் ரோஸ் என் தோளைத் தட்டினார். "மாத்தி, அபாங்" என்று, அண்ணன் முறை வைத்து நிதானமாகச் சொல்லி, எனக்கு இன்னும் விளங்கவில்லை என்று கண்டு, செத்த வீட்டில் பேசுகிற குரலில், "மெனிங்கால்" என்றார்.

மலாயில் மாத்தி என்றால் செத்துப்போச்சு. மெனிங்கால் என்றால் காலமாகிவிட்டார். லாம்பு இரண்டு மொழிக்கும் பொது. பிறந்ததிலிருந்து இந்த நாட்டில் இருக்கிறேன். வேன் இன்ஜின் நின்றால் நானே "மாத்தி" என்பேன். மலாய்க்காரர் சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். சீனர் வாயிலிருந்து வந்ததும் தமிழ் தமிழ் என்று நான் பூரித்ததில், அவர் நடுவில் ஒரு சொல்லை மலாயில் போட்டது காதில் ஏறவே இல்லை. அவர் மனைவி சொன்ன சாயாங்கும் அப்படித்தான். அன்புக்கும் அதே சொல், "அடடா, வீணாப் போச்சே" என்பதற்கும் அதே சொல். இழவு கேட்க வந்தவனுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். செத்ததற்கு யார் கூலி வாங்குவார்கள்?

முதலில் சிரித்தது குமார். பிறகு கமிட்டித் தலைவர், மிதிபட்ட காலைப் பிடித்துக்கொண்டே. கடைசியில் சுமதி. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்து, காதிலிருந்த பஞ்சைச் சரிசெய்துகொண்டு, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"காது ஆப்ரேஷன் ஆனது எனக்கு. கேக்காதது இவருக்கு."

பல வருஷம் மைக் பிடித்தும் எனக்கு அப்படி ஒரு கைத்தட்டல் கிடைத்ததில்லை.

ரிப்பேரா புதுசா என்று என்னை யாரும் அப்புறம் கேட்கவில்லை. பெட்டி ஆ செங்கிடம் போனது. மறுவாரம் குமார் டிவியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனான். (பேசியிருக்கலாம். அவன் பேசாததுதான் வலித்தது.) விழாவின் பதிவு பின்னால் வந்தது. டிவியில் போட்டோம். பவித்ராவின் முகம் பெரிதாக, தெளிவாக, காமாலை இல்லாமல் தெரிந்தது. சுமதி பார்த்துவிட்டு, "இது நல்லாத்தான் இருக்கு. ஆனா பழசு. நான் புதுசா பாத்தது அங்க" என்று பக்கத்து வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

கூரையில் இரும்புக் கை மட்டும் மிச்சம். கழற்றினால் சிமெண்டு பெயரும் என்று விட்டுவைத்தேன். தீபாவளிக்கு அதில் சுமதி ஒரு சாதாரண மின்விளக்கைத் தொங்கவிட்டாள். சுவிட்சைப் போட்டு, எரிகிறது என்று பார்த்துக்கொண்டு, பவித்ராவுக்குப் போன் செய்தாள். "உங்கப்பாகிட்ட சொல்லு. லாம்பு மாத்தியாச்சு. தமிழ்ல."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு விசாரணை இல்லாமல் விடுதலை கிடையாது. டாக்டர் மாத்திரை மாத்திட்டாரு என்று நான் சொன்னால், "தமிழ் மாத்தியா, மலாய் மாத்தியா?" பவித்ரா வேலை மாத்திட்டேன் என்று கூப்பிட்டாலும் அதே கேள்வி. வேன் டயரை மாற்றிக்கொண்டு நடுரோட்டில் நிற்கும்போது அந்தப் பக்கமாகப் போன கமிட்டித் தலைவர்கூடக் காரை நிறுத்திக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

போன மாதம் நான் அலுத்துப்போய்ச் சொன்னேன். "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊருக்குத் தெளிவா தமிழ்ல சொல்லுங்க. மணியம் மாத்தின்னு சொல்லிட்டா, யாரோ புது ஆள் வந்திருக்கான்னு நெனச்சிப் பாக்க வந்துடுவாங்க."

சுமதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

"புதுசு பாக்கலாம்னு குமார் அப்பவே சொன்னான். நான்தான் ரிப்பேர் பண்ணியே ஓட்டிடலாம்னுட்டேன்."